பார்த்தோம், ஆனால் காணவில்லை



ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைத்துவிட்டோம். அன்றிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலையில் இருந்து கூட்டிவந்து ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் லண்டன் இருண்டு விடுகிறது. மார்கழியில் பின்னேரம் 4 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்து விடும். வழமையாக இந்தப் பருவத்தில் இப்பக்கத்தில் சளி, இருமல், தடுப்பூசி, விற்றமின் டி என்று எழுதுவோம். இம்முறை ஒரு விபத்தைப் பற்றி எழுதுகிறோம். அதில் சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களும் எமது சங்கத்தைச் சேர்ந்தவை. இருவரும் எழுதச் சொல்லிக் கேட்டதால்தான் எழுதுகிறோம். பெயர் எழுத வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

கடந்த ஆண்டு நவம்பர், சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி, தூறல் மழை. தமிழ் வகுப்பு முடிந்து இரண்டு பிள்ளைகளைப் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு தாயார் ஹரோ பகுதியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பிரதான வீதியில் இருந்து வலப்புறப் பக்க வீதிக்குத் திரும்ப வேண்டும். எதிரே வாகனங்கள் வரிசையாக நெருக்கடியில் நின்றன. எதிர் வரிசையில் நின்ற ஒருவர், "நீங்கள் போங்கோ" என்பது போல விளக்கை ஒருமுறை அடித்துக் காட்டினார். தாயாரும் கையைக் காட்டி நன்றி சொல்லிவிட்டுத் திருப்பினார். நின்ற வரிசையின் இடப்பக்கத்தால், பஸ் ஓடும் பாதையில், ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் 19 வயது மாணவர். ஓர் உணவகத்தில் வார இறுதியில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கறுப்பு ஜக்கெற், கறுப்புத் தலைக்கவசம், முதுகில் பெரிய பெட்டிப் பை. முன்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தொடை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. தலைக்கவசம் வெடித்தது, தலை தப்பியது. அவருக்குப் படிப்பில் ஓர் ஆண்டு போய்விட்டது. அந்தத் தாயார் ஐந்து மாதங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "நான் பார்த்தனான், ஒருத்தரும் வரேல்லை" என்று அவர் அன்று பொலிசாரிடம் சொன்னதையே இன்றும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே எமது நம்பிக்கை. ஏன் என்பதற்காகவே இக்கட்டுரை.

இந்த "பார்த்தேன், காணவில்லை" என்பது இங்குள்ள மோட்டார் சைக்கிளோட்டிகளிடையே ஒரு கசப்பான பகிடியாகவே இருக்கிறது. விழுந்து கிடப்பவரிடம் கார்க்காரர் ஓடிவந்து முதலில் சொல்வது இதுதானாம். பிரித்தானிய வீதிகளில் ஓடும் மொத்த வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கு ஏறக்குறைய 1 வீதம் மட்டுமே. ஆனால் வீதியில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். இவை எல்லாவற்றுக்கும் வேகமாக ஓடும் பெடியன்கள்தான் காரணம் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹேர்ட் என்பவரின் குழு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மற்ற வாகனச் சாரதியே மறித்திருந்தார். எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே கார் திரும்புவதுதான் அங்கு மிகச் சாதாரணமான காட்சி. அவர்கள் வலப்பக்கம் ஓடுவதால் அது இடது திருப்பம். இங்கு அதுவே வலது திருப்பம். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த 'மெய்ட்ஸ்' ஆய்விலும், விபத்துகளில் பாதிக்கு மற்ற வாகனச் சாரதியின் தவறே முதன்மைக் காரணம். அந்தத் தவறுகளில் 70 வீதத்துக்கு மேற்பட்டவை, மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் விட்டதால் ஏற்பட்டவை.

அதே ஆய்வில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமும் வைத்திருந்த கார்ச் சாரதிகள் இந்தத் தவறை மிகக் குறைவாகவே செய்திருக்கிறார்கள். ஊரில் ஹொண்டா 90இலும் சாலியிலும் திரிந்த எங்கள் தலைமுறைக்கு இது விளங்கும். அங்கே ஒழுங்கைக்குள் இருந்து எது வரும் என்று தெரியாது. சைக்கிள், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் எதிர்பார்த்தே ஓடினோம். ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவார்கள், காது பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே ஹோர்ன் அடிப்பது மரியாதைக் குறைவு, கார்க் கண்ணாடிகளும் மூடியிருக்கும். எல்லாப் பொறுப்பும் கண்ணின் தலையில். அந்தக் கண்ணோ நாம் நினைப்பது போலச் செயற்படுவதில்லை.

கண்ணும் மூளையும் செய்யும் வேலை

கையை நேரே நீட்டி உங்கள் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். கண் உண்மையில் கூர்மையாகப் பார்ப்பது ஏறத்தாழ அவ்வளவு அகலத்தைத்தான். மிகுதி எல்லாம் மங்கல். மூளைதான் அதை நிரப்பி, முழு வீதியையும் தெளிவாகப் பார்ப்பதாக எங்களை நம்ப வைக்கிறது. சந்தியில் நின்று வலம், இடம், மீண்டும் வலம் என்று தலையைத் திருப்பும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் பாய்கிறது. பாயும் அந்தக் கணத்தில் மூளை பார்வையைத் தணித்து விடுகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண்மணி அசைவதை உங்களால் ஒருபோதும் காண முடியாது. பக்கத்தில் நிற்பவர் தெளிவாகக் காண்பார்.

தலையை எவ்வளவு விரைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு பெரிய பாய்ச்சல்கள், அவ்வளவு பெரிய இடைவெளிகள். ஒரு பஸ் அந்த இடைவெளிக்குள் மறையாது. தூரத்தில் வரும் மோட்டார் சைக்கிள் மறைந்து விடும்.

கண் அதன்மேல் விழுந்தாலும் வேறு சிக்கல்கள் இருக்கின்றன. எங்கள் மூளை, பொருள் பெரிதாகிக்கொண்டு வருவதை வைத்தே அதன் வேகத்தை மதிப்பிடுகிறது. ஒடுங்கிய மோட்டார் சைக்கிள் கிட்ட வரும்வரை பெரிதாகத் தோன்றாது. பிறகு திடீரென்று முன்னால் நிற்கும். ஒரே வேகத்தில் ஒரே தூரத்தில் வரும் பெரிய வாகனமும் சிறிய வாகனமும் இருந்தால், சிறியது பிந்தித்தான் வந்து சேரும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். இரவில் இன்னும் மோசம். காருக்கு இரண்டு விளக்குகள் இருப்பதால் அவற்றின் இடைவெளி விரிவதைப் பார்த்து வேகத்தை அறியலாம். ஒற்றை விளக்கில் அது முடியாது. றோயல் ஹலவே கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றை விளக்குக்குப் பதிலாக முக்கோணமாக மூன்று விளக்குகள் இருந்தபோது பார்ப்பவர்கள் வேகத்தை இன்னும் சரியாக மதிப்பிட்டார்கள்.

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு. கார் ஓட்டுவது போன்ற செயற்கைக் கூடத்தில் சாரதிகளைச் சந்தியில் நிறுத்திச் சோதித்தார்கள். சிலர் மோட்டார் சைக்கிளை நேரே பார்த்திருக்கிறார்கள், கண் அதன்மேல் நின்றிருக்கிறது. பிறகு மற்றப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வரும் அந்த ஓரிரு செக்கனுக்குள் அதை மறந்து விட்டார்கள். காணாமல் விட்டது அல்ல, கண்டு மறந்தது! கடைக்குப் போன பிறகு என்ன வாங்க வந்தோம் என்று நிற்பதில்லையா, அதே குறுகிய கால ஞாபகம்தான். அவர்கள் சொன்ன பரிகாரம் மிக எளிது. மோட்டார் சைக்கிளைக் கண்டால் வாய்விட்டு "பைக்" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னது மனதில் தங்கும். எமது சுகாதாரக் குழுவில் மூவர் இப்போது இதைச் செய்கிறோம். பின்னால் இருக்கும் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், இப்போது எங்களுக்கு முந்தி அவர்களே சொல்கிறார்கள்.

கார் ஓட்டும் எங்களுக்கு

முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கின்றன அல்லவா? புதிய கார்களில் இவை பாதுகாப்புக்காகத் தடிப்பாகவே செய்யப்படுகின்றன. கார் கவிழ்ந்தால் உங்களைக் காப்பது அந்தத் தூண்தான். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் இருப்பவரும் முழுதாக அதற்குப் பின்னால் ஒளிந்து விடுவார்கள். சுற்றுவட்டத்தை அணுகும்போது நீங்களும் அவரும் ஒத்த வேகத்தில் வந்தால், பல செக்கன்கள் தொடர்ந்து தூணுக்குப் பின்னாலேயே அவர் இருப்பார். கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்பை முன்னும் பின்னும் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். உள்கண்ணாடியில் தொங்கும் மாலை, சாமிப்படம், வாசனை அட்டை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே ஓரிடத்தில் வையுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

எதிரே நிற்பவர் விளக்கை அடித்துக் காட்டுவது "வாருங்கள்" என்ற அர்த்தம் அல்ல. பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையின்படி அது "நான் இங்கே இருக்கிறேன்" என்பதை மட்டுமே தெரிவிக்கும். வீதி வெறுமை என்று அவர் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. அவருக்குப் பின்னால், பக்கத்தால் என்ன வருகிறது என்பது அவருக்கே தெரியாது. நின்ற வரிசைக்கு ஊடாகத் திரும்பும்போது, வரிசையின் அந்தப் பக்கத்து ஓரத்தில் காரின் மூக்கை மட்டும் நீட்டி நிறுத்தி, பார்த்து, பிறகு போங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் படட்டும்.

கைத்தொலைபேசி பற்றி எத்தனை தரம் எழுதுவது? மணிக்கு 30 மைல் வேகத்தில் இரண்டு செக்கன் கீழே பார்த்தால் கார் ஏறத்தாழ 27 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். அதே வேகத்தில் பிரேக் பிடித்து நிற்பதற்கு வீதிக் கோவை கணக்கிடும் முழுத் தூரமே 23 மீற்றர்தான். கையில் தொலைபேசி வைத்திருந்தால் 2017இல் இருந்து 200 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். 2022இல் இருந்து படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது கூட இதற்குள் அடங்கும். அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு ஆண்டு நிறையாத பிள்ளைகளுக்கு அந்த 6 புள்ளிகளோடு அனுமதிப்பத்திரமே போய்விடும். ஊரிலிருந்து வரும் அழைப்பு என்றாலும் பொறுக்கத்தான் வேண்டும். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.

குளிர்காலத்தில் முன்கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டி ஒரு சிறிய யன்னல் போலத் திறந்துகொண்டு புறப்படுபவர்களை நாம் ஒவ்வொரு காலையும் காண்கிறோம். ஐந்து நிமிடம் முந்தி எழும்புங்கள். எல்லாக் கண்ணாடிகளும் துடைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பகலில் 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் இலக்கத் தகட்டை வாசிக்க முடியாவிட்டால் ஓட்டவே கூடாது. எமது முதியவர்கள் பலர் "பழகின ரோட்டுத்தானே" என்கிறார்கள். ரோட்டுப் பழகியதுதான், ஆனால் அதில் வருபவர் ஒவ்வொரு நாளும் புதியவர். இங்கிலாந்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கண் பரிசோதனை இலவசம். நீரிழிவுக்காரருக்கு விழித்திரைப் படம் எடுக்க வரும் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு வைக்காதீர்கள்.

காரை நிறுத்திக் கதவைத் திறக்கும்போது கதவுக்குத் தூரமான கையால் திறவுங்கள். சாரதி இடது கையால் திறந்தால் உடம்பு தானாகவே திரும்பும், கண் பின்னால் பார்க்கும். 2022 ஜனவரியில் வீதிக் கோவையிலும் இது சேர்க்கப்பட்டது. கோயில் தேர்த் திருவிழாக்களின்போது பக்க வீதிகளில் காரை நிறுத்திவிட்டுச் சேலையையும் பிள்ளையையும் அர்ச்சனைத் தட்டையும் பிடித்துக்கொண்டு நாம் கதவைத் திறக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு

முதலில் பெற்றோருக்கு ஒரு சொல். இங்கே 17 வயதில், சி.பி.ரி எனப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, 'எல்' தகட்டுடன் 125 சி.சி. வரை தனியே ஓட்டலாம். பலர் அம்மாவுக்குத் தெரியாமல்தான் இந்த வேலைக்குப் போகிறார்கள். தெரிந்தால் ஏச்சு விழும் என்ற பயத்தில் பழைய ஜக்கெற்றும் யாரோ கொடுத்த தலைக்கவசமுமாக ஓடுகிறார்கள். ஓட்டாதே என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஓட்டுகிறான் என்று தெரிந்தால், ஏசி முடித்த பிறகாவது நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் காப்புறுதி சாப்பாடு விநியோகத்துக்குச் செல்லாது, அதற்கென்று தனியான காப்புறுதி வேண்டும் என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தம்பி, தங்கச்சி, இனி உங்களோடு பேசுகிறோம். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் நடந்து 2004இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வைப் பாருங்கள். பளிச்சிடும் அல்லது ஒளியைத் திருப்பி அனுப்பும் மேலாடை அணிந்தவர்களுக்குக் காயப்படும் ஆபத்து 37 வீதம் குறைவாக இருந்தது. கறுப்புத் தலைக்கவசத்தோடு ஒப்பிடுகையில் வெள்ளைத் தலைக்கவசத்துக்கு 24 வீதம் குறைவு. பகலிலும் முன்விளக்கை எரியவிட்டவர்களுக்கு 27 வீதம் குறைவு. மலேசியாவில் வாழும் எமது உறவுகளுக்குப் பகல் விளக்கு புதிதல்ல, அங்கே 1992இலேயே மோட்டார் சைக்கிளுக்கு அதைக் கட்டாயமாக்கி விட்டார்கள். இந்தியாவிலும் 2017 ஏப்ரலில் இருந்து புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிகிறது. இங்கே ஒரு சங்கடம், 2011இல் இருந்து புதிய கார்களும் பகல் விளக்குடன் வருகின்றன. விளக்குக் கூட்டத்துக்குள் உங்கள் ஒற்றை விளக்கு கரைந்து போகிறது. ஆகவே விளக்கு எரிகிறது என்பதால் உங்களைக் கண்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மஞ்சள் நிறப் பளிச்சிடும் துணி பகலுக்கும் மைம்மலுக்கும்தான் உதவும். சூரிய ஒளி இல்லாத இரவில் அது வெறும் மஞ்சள் துணி. இரவில் வேண்டியது, கார் வெளிச்சம் பட்டதும் மின்னும் வெள்ளிப் பட்டிகள். இரண்டும் சேர்ந்த மேலாடை சில பவுண்களுக்குள் கிடைக்கும். ஆனால் அதற்கு மேல் பெரிய சாப்பாட்டுப் பையைச் சுமந்தால் முதுகுப் பட்டி முழுவதும் மறைந்து போகும். எமது அந்த இளைஞர் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி எங்களுக்குச் சொன்னது இது. அவர் வேலை செய்த இடத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் இப்போது பையிலேயே பட்டியை ஒட்டியிருக்கிறார்கள்.

பக்க வீதியில் காத்து நிற்கும் காரின் சாரதி உங்களைப் பார்ப்பது போலிருந்தால் நம்ப வேண்டாம். மேலே எழுதியதை வாசித்தீர்கள்தானே, கண் உங்கள்மேல் இருக்கலாம், மனம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய முகத்தை அல்ல, காரின் முன்சில்லைப் பாருங்கள். கார் அசைவதை முதலில் காட்டுவது சில்லுத்தான். விரல்களைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். நின்ற வரிசையின் பக்கத்தால் போகும்போது, வரிசையில் ஓர் இடைவெளியைக் கண்டால் அதற்குள்ளால் ஒரு கார் வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லொறிக்குப் பக்கத்தில் நிற்கையில் அதன் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

தலைக்கவசம் இறக்கும் ஆபத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. இங்கு 1973இல் இருந்து சட்டப்படி கட்டாயம், ஆகவே போடாதவர் குறைவு. வாரைச் சரியாக இறுக்காதவர்தான் அதிகம். ஒருமுறை பலமாக அடிபட்டதை மீண்டும் அணியக்கூடாது, வெளியே கீறல் மட்டும் இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். பழையது வாங்க வேண்டாம். அரசாங்கத்தின் 'ஷார்ப்' திட்டத்தில் தலைக்கவசங்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். விலை கூடியதற்குத்தான் 5 நட்சத்திரம் என்றில்லை.

யாராவது விழுந்து கிடந்தால்

அன்று முதலில் ஓடிவந்தவர்களில் எம்மவர்களும் இருந்தார்கள். நல்ல மனதோடுதான் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றப் போனார், இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். அந்த வழியால் வந்த ஒரு தாதி இருவரையும் தடுத்தார். மூச்சு விட முடியாத நிலை இருந்தாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. கழுத்து எலும்பு பாதிக்கப்பட்டிருந்தால், கழற்றும் அந்த ஓர் இழுப்பில் கைகால் இயங்காமல் போகலாம். முகமூடிக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். வேறு ஆபத்து இல்லையென்றால் ஆளை அசைக்காதீர்கள். தண்ணீர், சோடா, தேநீர் ஒன்றும் வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். 999க்கு அழையுங்கள். இரத்தம் ஓடினால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒரு கோட்டால் மூடிக் குளிராமல் பாருங்கள். பின்னால் வரும் வாகனங்களை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள்.

சென்ற ஞாயிறு மண்டபத்தின் பின்புற வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சிறு செயல்முறை நடத்தினோம். ஒரு காரை நிறுத்தி, சற்றுத் தள்ளி ஓர் அங்கத்தவரை மோட்டார் சைக்கிளில் இருத்தி, ஒவ்வொருவராகச் சாரதி ஆசனத்தில் அமரச் செய்தோம். 26 ஆண்டுகள் ஒரு தண்டமும் இல்லாமல் கார் ஓட்டிய ஓர் ஐயா, "மோட்டார் சைக்கிள் எங்கே?" என்று கேட்டார். அது தூணுக்குப் பின்னால் முழுதாக நின்றது. முன்னால் குனிந்து பார்த்ததும் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய், மனைவியைக் கூட்டிவந்து அதே ஆசனத்தில் இருத்தினார்.

தைப்பொங்கல் விழாவன்று மதியத்துக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் நடத்துகிறோம். அனுமதிப்பத்திரம் எடுக்கக் காத்திருக்கும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வெள்ளிப் பட்டி மேலாடைகள் 40 வாங்கி வைத்திருக்கிறோம், மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ வேலைக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த இளைஞரும் வருகிறார். இப்போது ஒரு காலைச் சற்றுச் சாய்த்து நடக்கிறார், பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டார். வெடித்த தலைக்கவசத்தைத் தான் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை மண்டபத்துக்குக் காரில் ஏற்றிவருவதாக ஒத்துக்கொண்டிருப்பவர் அந்தத் தாயார்.